காதோரக் கிழிசல்

வெண்டல் கோவாச்சைத் திருடன் என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவன் மனைவி மார்லீன் செய்த பியரோகிக் கொழுக்கட்டையை மூக்குமுட்டத் தின்றவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தொண்டையிலேயே நிற்கும்.

வெண்டல் எங்கள் ஊரான யங்ஸ்டவுனில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். என் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தான். அப்போது என் சாப்பாட்டு மேஜையில் பாதி முடி வைத்த ஒரு ரப்பர் தலை கிடந்தது. ரப்பர் முகமூடிகளுக்கு ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி ஏற்றுவதுதான் என் வேலை. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். இவன் குனிந்து பார்த்துவிட்டு, "முன்பக்கமா சாய்ச்சுக் குத்திட்டீங்களே. படத்துல இவனுக்குப் பின்னாடி வாரியிருக்கும்" என்றான்.

"நீங்க மெஷினைப் பாருங்க" என்றேன்.

மெஷினையும் பார்த்தான். அவன் போன பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தேன். பின்னால்தான் வாரியிருந்தது. எரிச்சலோடு அத்தனை முடியையும் பிடுங்கினேன். எங்கள் சிநேகம் அப்படி ஆரம்பித்தது. சீக்கிரமே அவன் வாயில் என் பெயர் 'ரோ' என்று சுருங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம் எழுபதுகளில் ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். மூடிப்போன உருக்காலையின் காவலாளி, கிழவன் முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவான். படம் ஓடவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கு அது போதுமாக இருந்தது. அரைச் சிரிப்பு, தொங்கிய இமை, ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒரு பார்வை. அந்தக் காவலாளி முகமூடியை அப்படியே திரும்பச் செய்ய வேண்டும் என்பது வெண்டலின் ஆசை. ஆசை என்பது சின்னச் சொல். மனுஷன் வேறு எதற்கும் விடுமுறை எடுத்ததில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் களிமண்ணோடு உட்கார்ந்துவிடுவான், கார் வருஷம் முழுக்க வெளியே மழையில் நனையும். மார்லீன் வருகிறவர்களிடமெல்லாம், "என் புருஷன் வேற ஒரு கிழவனோட குடித்தனம் பண்றார்" என்பாள்.

அசல் முகமூடி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கொலம்பஸில் ஒரு பல் டாக்டரிடம், ஆல்டன் ஃபிஸ்க் என்று பெயர். வெகுகாலம் அவர் யாரையும் பக்கத்தில் விடவில்லை, போட்டோ எடுக்கவும் விடவில்லை. அதனால் வெண்டல் திரைப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே செய்தான். முகத்தின் அளவு தெரிய வேண்டுமே? சமையலறைக் காட்சியில் காவலாளி சுவர் டெலிபோன் பக்கத்தில் நிற்பான். அதே மாதிரி டெலிபோன் ஒன்றைப் பழைய பொருள் சந்தையில் தேடிப் பிடித்து, கொட்டகைச் சுவரில் மாட்டி, அதை வைத்து முகத்துக்குக் கணக்குப் போட்டான். அந்த டெலிபோனை எங்கள் எல்லோருக்கும் காட்டினான். நாங்களும் கை தட்டினோம்.

முகமூடி செய்கிற எங்கள் கூட்டத்தில் கொலை செய்துவிட்டு வந்தால்கூடக் காரணம் கேட்போம். அடுத்தவன் முகமூடிமேல் அச்சு எடுத்து, அதைத் தன் கைவேலை என்று சொல்பவனை மட்டும் மன்னிப்பதில்லை. அவன் பெயரை இணையத்தில் எங்கள் மன்றத்தில் போட்டுவிடுவோம். பிறகு யாரும் அவனோடு பேச மாட்டார்கள். அவனுக்கு வேலை செய்துகொடுத்தவர்களுக்கும் அதே கதிதான்.

ஒருநாள் ஃபிஸ்க் மனமிரங்கி வெண்டலைக் கூப்பிட்டார். போன இடத்தில் யாருக்கோ அவசரப் பல்வலி. டாக்டர் கிளினிக்குக்கு ஓட, அவர் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் வெண்டல் மத்தியானம் முழுக்க முகமூடியோடு தனியாக இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு இல்லை.

அங்கிருந்து வந்தவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். "எப்படி இருந்துது?" என்று கேட்டேன். "இருந்துது" என்றான். கொட்டகையைச் சாத்திக்கொண்டான். பிறகு பிளாஸ்டரில் அச்சு எடுத்தான். அச்சு எடுத்ததும் களிமண் உருவம் சிதைந்துபோகும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். ரப்பரை ஊற்றி உலர்த்தி, வர்ணம் அடித்து என்னிடம் கொண்டுவந்தான். என் மேஜையில் வைத்தான். அதே அரைச் சிரிப்பு. என் ஆயுளில் அவ்வளவு பயந்து பயந்து வேறு எந்தத் தலைக்கும் முடி குத்தியதில்லை.

முகமூடியை எல்லாப் பக்கமும், காதோர முடியைத் தூக்கியும் போட்டோ எடுத்து மன்றத்தில் போட்டோம். வாழ்த்துகள் வந்து குவிந்தன. பிறகு ஃபிஸ்க் எழுதினார்.

'கோவாச் போட்ட போட்டோவில் இடது காதுக்குக் கீழே ஒரு கிழிசல் இருக்கிறதே, அது திரைப்படத்தில் எங்குமே தெரியாது. முடி மறைத்திருக்கும். என் முகமூடியை நேரில் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த கிழிசல் அது. கோவாச் என் வீட்டில் தனியாக இருந்தார். மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.'

முடிவு செய்தார்கள். ஒரு முகத்துக்கு அச்சு எடுத்தால் எவ்வளவு குப்பை விழும் என்று தெரிந்தவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் ஒருவன் அதைச் செய்துவிட்டு வந்தான் என்று நம்பினார்கள். வெண்டலுக்குப் போன் செய்து, "பார்த்து வச்சுக்கிட்டு செஞ்சேன்னு ஒரு வரி எழுதித் தொலையேன்" என்று கத்தினேன். "எழுதினா நம்பிடுவாங்களா?" என்றான். பொய் சொல்லுகிறவனுடைய குரல் மாதிரியே இருந்தது. அவன் திருடியிருந்தால் என் பெயரும் மன்றத்தில் ஏறும். அந்த முடி என் கைவேலை ஆயிற்றே.

அக்டோபரில் பிட்ஸ்பர்க் பக்கம் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் எங்கள் வருடாந்தரச் சந்திப்பு. ஃபிஸ்க் அசலோடு வந்திருந்தார். வெண்டலைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மார்லீன் கூட்டி வந்தாள். அவனுக்கு ஒதுக்கிய மேஜைக்குப் பக்கத்து மேஜைக்காரன் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். மார்லீன் அதைப் பார்த்தாள்.

ஃபிஸ்க் கெட்டவர் இல்லை. எல்லோர் முன்னாலும் வந்து, "கோவாச், அளந்து பாத்துடலாம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். அதுதான் எங்கள் வழக்கம். ரப்பர் உலர உலரச் சுருங்கும். ஒரு முகமூடிமேல் அச்சு எடுத்து இன்னொன்று செய்தால், அது முதலாவதைவிடச் சின்னதாகத்தான் வரும். எவ்வளவு கெட்டிக்காரத் திருடனாலும் அதை மாற்ற முடியாது. வெண்டலுடையது சின்னதாக இல்லாவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு அசலின் நெற்றிச் சுற்றை அளந்து அளவைச் சொன்னார். எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள். அவன் தன் பெட்டியின் மூடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"அப்ப ஒத்துக்கறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. வெண்டலின் சட்டையைப் பிடித்து ஹாலுக்கு வெளியே நடைக்கு இழுத்துப் போனேன். அங்கே ஐஸ் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது.

"திருடினியா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"இல்லை."

"அப்புறம் என்ன கேடு உனக்கு? அளக்க விடு!"

"பெருசு, ரோ."

"என்னது?"

"என்னோடது பெருசு. அந்த டெலிபோன் அவன் பக்கத்துல இல்லை, அவனுக்குப் பின்னாடி சுவத்துல இருக்கு. தள்ளி இருக்கறது சின்னதாத்தானே தெரியும்? அதை வச்சு அளந்தேன் பாரு, முகம் பெருசாயிடுச்சு. அவர் வீட்ல பெட்டி முன்னாடி போய் நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. மத்தியானம் பூரா நின்னேன். தொடக்கூட இல்லை."

"அப்ப களிமண்ணாத்தானே இருந்துது, மாத்தியிருக்கலாமே?"

அவன் வலது கையை என் முன்னால் நீட்டினான். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளாகவே வேலை செய்யும்போது திருகாணிகளைக் கீழே போட்டுக்கொண்டிருந்தான், வயசாகிவிட்டது என்று நான் கிண்டல் செய்திருந்தேன்.

"நரம்பு டாக்டர் இது இனிமே கூடத்தான் செய்யும்னுட்டார். இந்தக் கையை வச்சுக்கிட்டு முதல்லேருந்து ஒரு முகமா?"

கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கிழிசல் ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது. ஒண்ணாவது அசலைப் பாத்துச் செஞ்சதா இருக்கட்டும்னு போட்டேன். அதுதான் கழுத்தைப் பிடிச்சிருக்கு."

"பைத்தியக்காரா, உள்ள போய் இதைச் சொல்லு. பெருசுன்னா நீ திருடலைன்னு அர்த்தம்டா!"

"தெரியும்." அவன் ஐஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திருடன்னே சொல்லிட்டுப் போகட்டும் ரோ. திருடினான்னு சொன்னா, அச்சு அசலா இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவனை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஹாலில் சத்தம் கேட்டு ஓடினோம்.

மார்லீன் பெட்டியைத் திறந்திருந்தாள். அவள் தையல்காரி, கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அவளுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. தன் புருஷன் திருட மாட்டான் என்பது மட்டும்தான் தெரியும். "அளக்கணுமா? இந்தா பாருங்க, நானே அளக்கறேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்று முகமூடியின் நெற்றியில் டேப்பை வைத்தாள்.

"மார்லீன்" என்று வெண்டல் கூப்பிட்டான். ஹால் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. ஓர் எட்டு வைத்திருந்தால் நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. வாஷிங் மெஷின்காரனின் மனைவி இன்னொரு வருஷம் அந்த நாற்காலிக்காரன் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டுமா என்ன?

ஃபிஸ்க் குனிந்து டேப்பைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "பெருசா இருக்கு" என்றார்.

ஹாலே பெருமூச்சு விட்டது. நாற்காலியைத் தள்ளிப் போட்டவன் முதல் ஆளாக எழுந்து வந்து வெண்டலின் தோளைத் தட்டினான். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, "மன்னிக்கணும் கோவாச். நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். மனசாரச் சொன்னார். பிறகு ஆறுதலாக, "என்னோடது பழசு இல்லையா, சுருங்கியிருக்கும்" என்றார்.

"இவ்வளவு சுருங்காது" என்றான் வெண்டல்.

எல்லோரும் கலைந்து காபிக்குப் போனார்கள். வெண்டலின் காவலாளிமேல் யாரும் கண்ணைத் திருப்பவில்லை. அளக்கும்போது அதைப் பார்க்க முண்டியடித்தவர்கள், இப்போது காபியும் கையுமாக ஃபிஸ்கின் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பெரிதாகப் போன முகமூடியை யார் பார்ப்பார்கள்?

சாயங்காலம் பெட்டியைக் காரில் ஏற்ற நானும் போனேன். மார்லீன் பின் இருக்கையில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு வெளிச்சம். "பாத்தீங்களா, வாயைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். வெண்டல் அவள் தோளில் கை வைத்தான்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றான். பிறகு, "எவ்வளவு கூட இருந்துது?" என்று கேட்டான்.

"அரை அங்குலம் கூட. ஏன்?"

"எங்க வச்சு அளந்தே?"

"நெத்தியில."

அவன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கன்னத்துல அளந்திருந்தா முக்கால் வரும்" என்றான்.