எடுக்கக் கூடாத அழைப்பு

என் கையிலிருந்த போன் வகுப்பறைத் தரையில் விழுந்து உயிரை விட்ட வாரம்தான் எங்கள் வீட்டில் புது மீன் வலை வாங்கியிருந்தோம். வலை வாங்கிய வீட்டில் புது போன் பற்றி வாயைத் திறக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் செல்போன் கடைக்குப் போய், பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே ஒன்று வேண்டும் என்று நின்றேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"செகண்ட்ஸ்தான் மேடம். ஆனா ஒரே ஆள் யூஸ் பண்ணது. டிஸ்பிளே மட்டும் மாத்தியிருக்கு. ஒரிஜினல் மாதிரியே இருக்கும்."

"மாதிரியேன்னா, ஒரிஜினல் இல்ல. அதானே?"

"இந்த விலைக்கு இதுக்கு மேல கேட்டா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான் மேடம்."

நிதானமாகப் பார்த்து வாங்கியிருக்கலாம். எனக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். கடலூர் பஸ் கிளம்பப் போகிறது என்று கண்டக்டர் கத்துவது கடை வரைக்கும் கேட்டது. சிம்மைப் போட்டு, கடைக்காரரை விட்டே ஒரு கால் அடிக்கச் சொன்னேன். மணி அடித்தது. அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எனக்கு போன் முக்கியமாக ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியுமுன் கிளம்பிப் போவார். போகிறவரைப் பார்த்து எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. கடலுக்குப் போகிறவர்கள் வீடுகளில் அப்படிக் கேட்கும் பழக்கமே கிடையாது. திரும்பி வரும்போது டவர் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு ரிங். அவ்வளவுதான். அவர் போன் பாலிதீன் கவருக்குள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கிடக்கும், கையெல்லாம் ஈரம், பேசவும் தோதுப்படாது. அந்த இரண்டு ரிங் வந்துவிட்டால், ஆள் வருகிறார் என்று அர்த்தம். நான் அதை எடுக்கக் கூடாது.

ஒரே ஒரு தடவை எடுத்திருக்கிறேன். என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று. அவர் மிஸ்டு கால் வந்ததும் பாய்ந்து எடுத்து, "மாமா, சீக்கிரம் வா" என்று அலறினேன். ஆற்று முகத்துவாரத்தில் மண் திட்டு உண்டு. அலை தூக்கலாக இருக்கும்போது போட்டுகள் வெளியிலேயே நின்று, அது கொஞ்சம் அடங்குகிற நேரம் பார்த்து உள்ளே நுழையும். அன்றைக்கு அவர் நிற்கவில்லை. போட்டு திட்டில் இடித்துக் கவிழ்ந்தது. எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். இஞ்சின் போனது. பிள்ளை அதற்குள் கண் விழித்து ஆஸ்பத்திரியில் பன் தின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேசாமலே ஒரு சட்டம் ஏற்பட்டுவிட்டது. நான் போனை எடுத்தால் வீட்டில் ஆபத்து. எடுக்காவிட்டால் எல்லாம் நலம்.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் போனாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். புதிதாக வந்த ஓணானுக்கு இரண்டு ரிங் பற்றாது. ஏதாவது கால் வந்தால் முதலில் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு திரை வெளிச்சமாகும். பிறகுதான் யார் என்று பெயர் காட்டும். அதற்குள் அவர் கட் செய்திருப்பார். சில நாள் மிஸ்டு கால் வந்த சேதியையே அடுத்த பீரியடில் சொல்லும்.

நான் கணக்கு டீச்சர். வகுப்பில் போன் கூடாது என்பது பள்ளிக்கூடத்து விதி. வைப்ரேஷனில் போட்டு, இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டு பாடம் எடுப்பேன். முன்பெல்லாம் இரண்டாவது பீரியடிலோ மூன்றாவதிலோ இடுப்பில் ஒரு அதிர்வு வரும். அதற்குப் பிறகு என் குரலே மாறிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இப்போது அதிர்வு வருகிறதா, வந்து போய்விட்டதா, என் வயிறுதான் உதறுகிறதா என்று ஒன்றும் தெரியவில்லை. கரும்பலகைக்குத் திரும்பி நின்று எடுத்துப் பார்ப்பேன். பாத்ரூம் போகிறேன் என்று போய்ப் பார்ப்பேன். கால் ஓர் இடத்தில் நிற்காது. நேற்றுப் போட்ட கணக்கையே மறுபடியும் போட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். நேற்றே புரிந்துவிட்டது என்றார்கள்.

போதாக்குறைக்கு எப்போது பார்த்தாலும் ஸ்டோரேஜ் ஃபுல். டீச்சர்கள் குரூப்பில் காலையில் வந்து விழும் ரோஜாப் பூ, சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி, இதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தால்தான் அது மூச்சு விடும். அழித்து முடிப்பதற்குள் மதிய வணக்கம் வந்துவிடும்.

வெயில் ஏறியதும் இன்னொரு நோய் வெளியே வந்தது. சூடானால் போன் தன்னைத் தானே தொட்டுக்கொள்ளும். யாரும் கை வைக்காமலே எழுத்து விழும், கால்குலேட்டர் திறக்கும், டார்ச் எரியும். எங்கள் தலைமையாசிரியை குரூப்பில் யாரோ இறந்த செய்தி போட்டிருந்தார். என் போன் அதற்குக் கை தட்டும் படத்தை அனுப்பியது. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"வெயில்ல வெக்காதீங்க மேடம். சூடானாதான் அப்படி ஆவுது."

"சிதம்பரத்துல வெயில் இல்லாத எடம் எதுன்னு நீங்களே சொல்லுங்க. அங்க கொண்டுபோய் வெக்கிறேன்."

அவர் போனை ஒரு தட்டுத் தட்டி, ஊதி, திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அது பரம சாதுவாக இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். புறப்படும் வரைக்கும் மிஸ்டு கால் வரவில்லை. வந்து எனக்குத்தான் தெரியவில்லையோ என்று பஸ்ஸில் ஏறியும் பார்த்தேன். இல்லை. காற்று காலையிலிருந்தே ஒரு தினுசாக இருந்தது. கடலூரிலிருந்து வந்துபோகும் தமிழ் டீச்சர் பக்கத்து சீட்டில் இருந்தார். ஜன்னல் வெயில் நேராக மடியில் விழுந்தது. போன் கைப்பைக்குள், கைப்பை மடியில்.

"மிஸ், ஒரு நிமிஷம் கைய கால வச்சுக்கிட்டு சும்மாதான் உக்காருங்களேன். உங்களப் பாத்தா எனக்குப் படபடங்குது" என்றார் அவர்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அது வரைக்கும் யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"எப்படி டீச்சர் சும்மா உக்கார்றது? உங்க வீட்டுக்காரர் பேங்குக்குப் போறாரு, சாயந்தரம் வந்துடுறாரு. எங்க வீட்டுல அப்படியா? டெய்லி நான் செத்துப் பொழைக்கிறேன். போர்டுல கணக்கப் போட்டுக்கிட்டே, இந்நேரம் போட்டு எங்க இருக்கும், அலை எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். எப்ப வருவேன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது. கேட்டா அபசகுனம். கல்யாணம் ஆன நாளா அத முழுங்கி முழுங்கி எனக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? நான் தைரியமான பொம்பளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. எனக்குத் தைரியமே கெடையாது டீச்சர். பயம்தான் இருக்கு."

தமிழ் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒருத்தி கூடையை என் கால்மேல் வைக்க, அவளோடும் ஒரு சண்டை போட்டேன். அழுகையை மறைக்க அதுதான் வசதி.

சிப்காட் நெருங்கியதும் ரசாயனத் தொழிற்சாலைகளின் அந்த வாடை வந்தது. எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நான் கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. வெளியே எடுத்தால் திரை தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. கால்குலேட்டர், காலண்டர், கேமரா. எல்லாவற்றையும் மூடிவிட்டு மிஸ்டு கால் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் நம்பர் இருந்தது. மிஸ்டு கால் அல்ல. எடுத்த கால். ஒரு பீரியடில் பாதி நேரம் ஓடியிருக்கிறது.

என்றைக்கும் யோசித்துக் கிடக்கிற இந்த ஓணான், இன்றைக்கு அவர் கட் செய்வதற்குள் தானாகவே எடுத்திருக்கிறது. நான் எடுத்தால் வீட்டில் ஆபத்து என்பதுதானே சட்டம்? எடுத்துவிட்டு ஒரு பதிலும் சொல்லாமல் கிடந்தால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? முகத்துவாரத்தில் நிற்பாரா? திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடியும் கூப்பிட்டேன். அதேதான். கரையில் மீன் எடுக்க நிற்கும் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, அலை ஜாஸ்தியா இருக்கு. போட்டுங்கல்லாம் ஆத்து வாய்க்கு வெளியவே நிக்குது. அண்ணன் போட்டு இன்னும் கண்ணுக்கே தெரியல."

"தெரிஞ்சா நிக்கச் சொல்லு. கைய ஆட்டு. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"எங்கேருந்து சொல்றது அண்ணி? அவ்ளோ தூரம் கேக்குமா? உனக்கு இன்னா ஆச்சு?"

எனக்கு என்ன ஆச்சு என்று சொல்ல நேரமில்லை. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றியது. டிரைவரை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இறங்கி ஆட்டோ பிடித்து, அதிலும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்துகொண்டே போனேன். போகிற வழியெல்லாம் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கவிழ்ந்து தண்ணீரில் போனாலும் அதைத்தான் சொல்லும் என்று தோன்றியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினேன். போட்டுகள் ஒவ்வொன்றாக அலை பார்த்து உள்ளே வந்துகொண்டிருந்தன. நாத்தனார் கூடையோடு நின்றிருந்தாள். ஒவ்வொரு போட்டு வரும்போதும், அது இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். நான் தண்ணீர் வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். புடவையெல்லாம் ஈரம். சாமியை எல்லாம் கூப்பிட்டு, கூப்பிட்ட வாயாலேயே திட்டவும் திட்டினேன்.

கடைசியில்தான் வந்தது. மற்ற போட்டுகளெல்லாம் வந்த பிறகு, வெளியே நின்று, இரண்டு மூன்று அலையை விட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் உள்ளே நுழைந்தது. கல்யாண ஊர்வலம்கூட அவ்வளவு மெதுவாக வராது. ஆளைப் பார்த்த நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடி எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த செருப்பை அவர்மேல் வீசியிருப்பேன்.

போட்டைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். கூடப் போன இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் வலையைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

"போனு ஏன் ஸ்விட்ச் ஆஃப்?" என்றேன்.

"சார்ஜ் போச்சு."

"நான் எடுக்கல மாமா. அந்தப் பாழாப்போன போன் தானா எடுத்துக்கிச்சு. வீட்டுல ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எடுத்துட்டியேன்னு மொதல்ல பகீர்னுச்சு. இஞ்சின நிறுத்திட்டு ஸ்பீக்கர்ல போட்டேன். கவருக்குள்ளருந்து பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீ பேசினது கேட்டுச்சு." மீன் செதில் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "சார்ஜ் போற வரைக்கும் கேட்டுக்கினு இருந்தேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கடலில் நின்று, மூன்று பேர், நான் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கூடைக்காரியோடு போட்ட சண்டை உட்பட.

"டெய்லி செத்துப் பொழைக்கிறேன்னு சொன்னியே. மெய்யாவா?"

நான் கடலைப் பார்த்தேன்.

"அந்த டீச்சராண்ட சொல்ற. என்னாண்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"சொன்னா நீ போவாம இருந்துடுவியா மாமா?"

அவர் துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். நாத்தனார் கூடையைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள்.

"போவத்தான் போவேன்" என்றார். "தெரிஞ்சிக்கினு போவேன்."

அத்தனை பேர் பார்க்க, ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.