தக்காளிச் செடிக்கு வைத்தியம் கேட்டு மாரண்டஹள்ளிக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை அரூரிலிருந்து மாரண்டஹள்ளிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. இலையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்த என் தக்காளிக்கு வைரஸ் என்று உரக்கடைக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை உழுதுபோட டிராக்டருக்கும் சொல்லியாயிற்று. காலேஜைப் பாதியில் விட்டு வந்தபோது ஒரு வார்த்தை திட்டாமல் அம்மா கொடுத்த அரை ஏக்கர் அது. முதல் போகத்திலேயே அதை அழிக்க மனசு வரவில்லை.

கூடப் படித்த சுகன்யா மாரண்டஹள்ளியில் தக்காளிதான் போடுகிறாள். ஒரு இலையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஒத்த இலையக் கிள்ளி அனுப்புனா நான் என்னடா ஜோசியமா பாக்கறது? அது மேல் இலையா, கீழ் இலையா? வேரோட ஒரு செடி எடுத்துக்கினு வா.”

காலை ஆறரைக்குப் பஸ். தருமபுரி சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே மாறி, பாலக்கோடு வழியாக ஏறக்குறைய இன்னொரு நாற்பது. காத்திருந்ததையும் சேர்த்து மூன்றரை மணி நேரம். மடியில் சாக்குப்பை, அதில் முழுச் செடி. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“செடிக்கும் டிக்கெட் போடட்டுங்களா தம்பி?”

“ஆஸ்பத்திரிக்குப் போவுதுங்கண்ணா. பாத்து அரை டிக்கெட்டா போடுங்க.”

சுகன்யா பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தாள். தோட்டத்துப் பக்கம் என்னை விடவில்லை. “வைரஸா இருந்தா என் செடிக்கும் ஒட்டிக்கும். இங்கயே பிரி.” டீக்கடை பெஞ்சில் செடியைப் படுக்க வைத்தோம். கொழுந்தை முதலில் பார்த்தாள், பிறகு அடி இலைகளை.

“வைரஸ்னா கொழுந்து சுருண்டு நிக்கும். இது நல்லாத்தான இருக்குது? அடி இலைதான் மஞ்சள், நரம்பு பச்சையாவே இருக்குது பாரு. மெக்னீசியம் பத்தலடா. பொட்டாஷ் எவ்ளோ வுட்ட?”

“பழம் கலரா வரும்னு கொஞ்சம் ஜாஸ்தியா…”

“கொஞ்சமாம்! பொட்டாஷ் அளவுக்கு மீறுனா மெக்னீசியத்த வேர் எடுக்காது. நீயே பண்ணிட்டு வைரஸ் மேல பழிபோடற.”

அங்கேயே நின்று டிராக்டர் அண்ணனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். சுகன்யா வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களியும் கீரையும் போட்டு, மிச்சமிருந்த மெக்னீசியம் சல்பேட்டையும் கட்டிக் கொடுத்தாள்.

அவள் சொன்னபடியே செய்தேன். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பொட்டாஷை நிறுத்தினேன். கால்சியம் நைட்ரேட்டை இதோடு ஒரே டேங்க்கில் கலக்காதீர்கள். திரிந்து ஸ்பிரேயர் நாசிலை அடைத்துக்கொள்ளும். ரொம்ப முற்றிய மஞ்சள் இலை பச்சையாகாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிதாக வரும் இலையைப் பாருங்கள். யாரிடமாவது காட்டப் போனால் முழுச் செடியோடு போங்கள், நோயாக இருந்தால் பரவாதபடி பைவாயைக் கட்டி.

எனக்குப் புது இலையெல்லாம் பச்சையாகவே வந்தது. நேற்று முதல் பறிப்பு. நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு கிரேட் பெட்டி நிரப்பி, மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோகச் சொன்னார் அம்மா.

“அவ தோட்டத்துலயே தக்காளிதாம்மா காய்க்குது.”

“காய்க்கட்டும். இது அவ பொழைக்க வெச்சதுடா. போய் குடுத்துட்டு வா.”

நாளைக் காலை அதே ஆறரை பஸ்.