நிறுத்தி வைத்த மூன்று ரிப்போர்ட்டுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இரும்புலியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு சர்வர், நான்கு டெர்மினல்கள், காது கிழியக் கத்தும் ஒரு பிரின்டர். அந்தப் பெட்டிக்குள் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற மிதப்பில் திரிந்த வயது. இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரின்டர் நின்றுவிட்டது. டிஸ்க்கில் இடமில்லை. அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முதலில் ஸ்பூல் என்கிற இடத்தில் ஒரு ஃபைலாக உட்கார்ந்து, க்யூவில் தன் முறைக்குக் காத்திருக்கும். அச்சானதும் அது போய்விட வேண்டும். எங்கள் சர்வரில் போகாமல், மாதக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். பட்டியலைப் பார்த்தேன். மூன்று ஃபைல்கள் மட்டும் அச்சாகாமல், நிறுத்தி வைத்த குறியோடு நான்கு நாளாகக் கிடந்தன. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டளையில் அழித்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது லேப் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டுகளை டைப் செய்வது அவர்தான்.

"நான் நிறுத்தி வெச்சிருந்த மூணும் எங்க?"

"பழசுதானேக்கா. அழிச்சுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கெட்ட ரிப்போர்ட்டை நாம கவுன்ட்டர்ல பேப்பரா குடுக்கறதில்லப்பா. வியாழக்கிழமை டாக்டர் வந்து, உட்கார வெச்சுப் பேசி, அவர் கையாலதான் குடுப்பார். அதுவரைக்கும் க்யூல நிறுத்தி வெப்பேன். யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு வேற காப்பி கூட வெக்கறதில்ல."

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் இது எனக்குத் தெரியாது. சதைத் துண்டை வைத்த கண்ணாடித் தகடுகள் பத்திரமாக இருக்கின்றன, டாக்டர் திரும்பப் பார்த்து எழுதிவிடுவார் என்று அக்கா சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மூச்சையும் கவுன்ட்டர் பெண் பிடுங்கிக்கொண்டாள். மூவரில் ஒருவர் நான் டீ குடிக்கப் போயிருந்தபோது வந்து போயிருந்தார். கூடுவாஞ்சேரியில் தையல் கடை வைத்திருப்பவர். தொண்டையில் சோதனைக்காகச் சதை எடுத்திருந்தார்கள். அவள் திரையைப் பார்த்திருக்கிறாள். க்யூவில் அவர் பெயர் நிற்கவில்லை. நிற்காத பெயர் என்றால் நல்ல ரிப்போர்ட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பிரின்டர் ரிப்பேர், பேப்பர் நாளைக்கு வாங்கிக்குங்க, ஆனா பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னேன் சார். அழுதுட்டாரு, சந்தோஷத்துல."

ரெஜிஸ்டரில் முகவரியை எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். என்னை யாரும் அனுப்பவில்லை. அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வண்டலூர் தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருடைய ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. ஆனால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பது தெரியும். அது போதாதா? அந்த மனிதரைவிட அவர் உடம்பைப் பற்றி எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. கடை பூட்டியிருக்க வேண்டும், அவர் ஊரிலேயே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

கடை திறந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லேப்பிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"லேப்புல இருந்தா சார்? உள்ள வாங்க!" என்றார். பின்கட்டிலிருந்து அவர் மனைவி சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன். தையல்காரர் பெரிய பெரிய வாயாகக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். கோழைத்தனம்தான்.

"டாக்டர் வியாழக்கிழமை உங்களைப் பார்க்கணும்னு சொன்னார். கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தெருமுனையில் அவர் மனைவி ஓடிவந்து வழிமறித்தார்.

"நெசத்த சொல்லு சார். காலையில ஒண்ணுமில்லன்னாங்களே, இன்னா ஆச்சு?"

"என் தப்பும்மா. அவர் ரிப்போர்ட்டை கம்ப்யூட்டர்ல நான்தான் தெரியாம அழிச்சுட்டேன். அதனால அப்படிச் சொல்லிட்டாங்க. டாக்டர் திரும்ப எழுதிக் குடுத்துடுவார்."

கையெடுத்துக் கும்பிட்டேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும் சார். திரும்ப எழுதவாணாம்னு சொல்லு சார்."