காலையில் குடித்த கசாயம்

அமுக்கராக் கிழங்கு, பேர்தான் கிழங்கு. பார்த்தால் சுண்டுவிரல் கனத்தில் வேர். பச்சையாக முகர்ந்தால் குதிரை லாயத்து வாடை அடிக்கும். மயிலாப்பூர் குளத்தருகே நாட்டு மருந்துக் கடையில் வாங்குவேன். எடை போட்டு முடிப்பதற்குள் அந்தக் கடைக்காரர் ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிடுவார், அது வேறு. பால் ஆவியில் அவித்து, காயவைத்து இடித்து, தண்ணீரில் எட்டில் ஒரு பங்காகச் சுண்டவிட வேண்டும். கோடம்பாக்கத்தில், சினிமா சண்டையில் அடி வாங்கிப் பிழைக்கிற எங்களுக்கு அதுதான் மருந்து. பாலில் கலந்து குடித்தால் வலி அடங்கும், தூக்கம் வரும். வீக்கத்துக்கு அதே கிழங்கைச் சுக்கோடு அரைத்துப் பற்றுப் போடுவோம். ஒரே கட்டுப்பாடு, வேலை முடிந்த பிறகுதான் குடிக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அதை மீறினேன். எனக்கு அறுபது தாண்டியிருந்தது. முந்தின நாள் படியில் உருண்டதில் இடது விலா குத்தியது. சண்டை மாஸ்டருக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். காலையிலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் படப்பிடிப்பு நடந்த பங்களாவுக்குப் போனேன்.

எதிரே என் மனைவியின் தம்பி. முப்பது வருஷமாக நாங்கள் ஜோடி. மாஸ்டர் ஒன்று என்றால் நான் சவுக்குக் கட்டையை ஓங்கவேண்டும். இரண்டுக்கு வீசவேண்டும், அவன் குனிவான். மூன்றுக்கு நிமிர்வான். ரப்பர் கட்டை வேண்டாம், கனம் தெரியவேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

இரண்டு என்று காதில் விழுந்தது. கைக்கு அது போய்ச் சேரவில்லை. அவன் நிமிர்ந்தபோதுதான் கட்டை வந்தது, முழு வீச்சில், வாய்மேல். ஈர விறகு பிளக்கிற சத்தம். பல் இரண்டு தரையில் தெறித்தது. மேக்கப்காரர் தான் பூசிய ரத்தம் என்று நினைத்துத் துடைக்க வந்தவர், பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டார்.

மாஸ்டர் என் வாயை முகர்ந்தார். சாராய வாடை இல்லை. உடனே கீழே கிடந்தவனைத் திட்டினார். முந்தி நிமிர்ந்தது அவன்தானாம், இனிமேல் அவனைக் கூப்பிடாதே என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எண்ணிக்கை தப்புகிறவன் என்று ஒருதரம் பேர் விழுந்தால் எங்கள் தொழிலில் அதோடு சரி. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கட்டுப் போட்டு உட்காரவைத்தார்கள். துணிக்குள்ளிருந்து கேட்டான்.

"மாமா, நா முந்திக்கினனா?"

"இல்ல மச்சான். நான்தான் லேட்டு. காலைலயே கசாயம் குடிச்சிட்டேன்."

முப்பது வருஷத்தில் அவன் என்னை நிஜமாக அடித்தது அன்றுதான். எந்தப் பக்கம் வலி என்று அவனுக்குத் தெரியும். அங்கேயே குத்தினான். நான் சுவரோரம் சரிந்த பிறகும் குத்தினான். வார்டு ஆயா வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"போய் மாஸ்டராண்ட சொல்லு," என்றான். "இப்பவே."

விலாவைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பங்களாவுக்குத் திரும்பினேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. படத்துக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றச் சொன்னார், வேறொருவர் அதைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் போய் நின்றார். இரண்டு மாசம் கழித்து மச்சானுக்கு மாஸ்டரிடமிருந்து போன் வந்தது, வேலைக்கு வரச்சொல்லி.