சுவருக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்

பச்சைத் தேயிலைக்கு விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று நீலகிரியில் எங்கள் கேத்திப் பக்கம் பலரும் செடியைக் காடாக விட்டுவிட்டார்கள், நாங்களும்தான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஹோம் தியேட்டர் வாங்கினார். அவருக்கு அரசாங்கச் சம்பளம். தேயிலை என்ன விலை விற்றால் அவருக்கு என்ன?

வாங்கியதோடு விட்டார்களா? அவர் சம்சாரம் என் வாசலில் நின்று விளக்கினாள். "அஞ்சு ஸ்பீக்கரும் ஒரே கம்பெனியில ஒரே செட்டா இருக்கோணுமாங்க்கா. ஒண்ணு மாறுனாலும், படத்துல ஆளு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போறப்ப குரலு வேறாளாட்ட ஆயிருமாமா. கோயமுத்தூர்ல கடை கடையா ஏறி எறங்கி, கேட்டுக் கேட்டு எடுத்தோமுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் ஜோடியாக இருந்தது செருப்பு மட்டும்தான். அதிலும் ஒன்றுக்கு வார் மாற்றியிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இடி மாதிரிச் சத்தத்துக்கென்றே அந்த செட்டோடு வந்த பெரிய பேஸ் பெட்டியை அவர்கள் அந்தச் சுவரை ஒட்டித்தான் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு வீட்டு டிவியிலும் ஒரே படம். வசனத்தை எங்கள் பழைய டிவி தகரக் குரலில் பேசும். இடியும் தவிலும் குதிரைக் குளம்பும் சுவர் வழியாக வந்து சேரும். என் வீட்டுக்காரர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"ஓசியில தியேட்டரு புள்ள, நீயும் வந்து சாஞ்சுக்க" என்று சிரித்தார்.

இலை விலை விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டு மிச்சத்தை வாங்கித் தின்பதுபோல் இருந்தது. நான் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன்.

அந்த வாரம் குழாயடியில் அவளே கேட்டாள். "ஏனுங்க்கா, செவுரு அதிருதுங்களா? தொந்தரவா இருந்தா சொல்லிப்போடுங்க."

"தலவலியே வந்துருதுங்க. எங்கூட்டுல யாருக்கும் அந்தச் சத்தம் ஆவறதில்ல" என்றேன். அவள் முகம் வாடியது. எனக்கு இனித்தது.

அன்றைக்கே பெட்டியை எதிர்மூலைக்கு மாற்றி, அடியில் பழைய கம்பளியையும் மடித்துப் போட்டுவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஞாயிறு வந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் சுவரில் சாய்ந்தார். சண்டைக் காட்சியில் எங்கள் டிவி மட்டும் தகரம் தட்டியது. சுவர் சும்மா இருந்தது. அவர் திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"பொட்டி ரிப்பேராட்ட இருக்குது புள்ள. பாவம், ஆசப்பட்டு வாங்குனாங்க. ஒரெட்டு போயி என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன்" என்று எழுந்து சட்டையை மாட்டினார்.