சேலை போத்தி வெச்ச ஃபேன்

ரெண்டு வருசம் முன்னாடி, ஒரு மே மாசம். ஓசூர் பக்கம் மத்திகிரியில வாடகைக்கு இருக்கோம். மாடியில ஒரே ரூமு, மேல சிமெண்ட் சீட்டு. ஓசூரு குளுகுளுன்னு இருக்குமேன்னு மத்தூர்ல இருந்து போன் பண்ற சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மத்தியானம் எங்க வீட்ல படுத்துப் பாக்கணும். அப்பளம் மாதிரி ரெண்டு பக்கமும் பொரிஞ்சுதான் எந்திரிப்பாங்க.

எங்க அக்கா கம்பெனியில மெஷின்ல நிக்குது. அப்ப அதுக்கு நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்கணும். அந்த நேரம் பாத்து சீலிங் ஃபேன் புகைஞ்சு நின்னுபோச்சு. அப்பா அண்ணாந்து பாத்துட்டு, "சம்பளம் வரட்டும், காயில் கட்டிக்கலாம்"னாரு. அக்கா ஈரத்துணியை மூஞ்சியில போட்டுக்கிட்டுப் பொரண்டு பொரண்டு படுக்கும். "கருவாடு காயுது"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். திருப்பித் திட்டக்கூட அதுக்குத் தெம்பு இல்ல.

ஒரு நாள் காலையில கையில கட்டோட வந்துச்சு. மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணு சொருகிடுச்சாம். ரெண்டு விரல்ல நகம் பிஞ்சிருச்சு. பக்கத்துல நின்ன பொண்ணு சுவிட்சை அமுக்கலன்னா கையே போயிருக்கும்.

அம்மா அழுதுக்கிட்டே அக்காவைப் படுக்க வெச்சுது. செவுத்தோரம் பழைய சேலை போத்தி அடுக்கி வெச்சிருந்த பெட்டிங்க மேல சாஞ்சு உக்காந்து, காலண்டர் அட்டையால விசிறுச்சு. விசிறுன வேகத்துல சேலை நழுவுச்சு. அம்மா முதுகுக்குப் பின்னாடி இருந்த பெட்டியில பெருசா ஒரு டேபிள் ஃபேன் படம்.

அக்கா கம்பெனியில தீபாவளிக்குத் தீபாவளி குடுத்ததுதான் அதெல்லாம். ஃபேனு, குக்கரு, மிக்சி. எல்லாத்தையும் அக்கா கல்யாணத்துக்குன்னு பிரிக்காம வெச்சிருந்தாங்க. அது அங்க இருக்கறது எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அது ஃபேனுன்னு ஒருத்தருக்கும் தோணல. அது சீர் சாமான்.

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் வந்தது வேற. போய் கத்தியை எடுத்தேன்.

"டேய் சாமி, அது அக்கா கல்யாணத்துக்குடா"ன்னு அம்மா பதறுச்சு.

"மாப்பிள்ளை யாருன்னே தெரியாது. அவனுக்கு இப்பவே காத்து ரெடியா?"

டேப்பைக் கிழிச்சு ஃபேனை வெளிய எடுத்தேன். சாப்புட்டுக்கிட்டு இருந்த அப்பா எச்சக்கையோட எந்திரிச்சு வந்தாரு. "பிரிச்ச சாமானைச் சீர்ல வெச்சா நாலு பேரு சிரிப்பாங்கடா."

"பொண்ணு கையில்லாம மணவறையில உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா?"

பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. சாம்பார் வாசனையோட. கீழ இருந்து ஓனரம்மா, "ஏனாய்து?"ன்னு கன்னடத்துல குரல் குடுத்தாங்க. "ஒண்ணுமில்லம்மா, எங்க வீட்ல ஃபேன் பொறந்திருக்கு"ன்னேன். இன்னொண்ணு விழுந்துச்சு.

அப்பா ஃபேனைத் திரும்பப் பெட்டிக்குள்ள திணிக்கப் போனாரு. அப்பத்தான் அக்கா எந்திரிச்சு, கட்டு இல்லாத கையால வயரைப் புடிச்சுது. எங்க அக்கா அப்பாவை எதுத்துப் பேசி நான் கேட்டதே இல்ல.

"அப்பா, இது எனக்குக் குடுத்தது. ப்ளக்கைச் சொருகுங்க."

அவரு எச்சக்கையை வேட்டியில தொடைச்சாரு. அப்புறம் சொருகுனாரு. அக்கா சாயங்காலம் வரைக்கும் வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குச்சு. ஈ உள்ள போயிட்டு வருதுன்னு சொல்ல நாக்கு துடிச்சுது. சொல்லல.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, கை ஆறி அக்கா திரும்ப வேலைக்குப் போனதும் அம்மா ஒண்ணு ஆரம்பிச்சுது. அக்கா தூங்கி எந்திரிச்சதும் ஃபேனைத் தொடைச்சு, தெர்மோகோல் வெச்சு, மறுபடி பெட்டியில போட்டு மூடிடும். மறுநாள் எடுக்கும். "புதுசு மாதிரியே இருக்கட்டும்டா"ங்குது. இத எங்க போய் சொல்றது?

அதே வருசம் அக்கா சம்பளத்துல சீட்டு கட்டி எனக்கு பைக் எடுத்தாங்க. கடை வாசல்லயே சீட் கவரைக் கிழிச்சு, ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டுத்தான் பூஜையே போட்டோம். கல்யாணம் வரைக்கும் மூடி வைடான்னு ஒருத்தரும் சொல்லல. எங்க வீட்ல காசு இல்லன்னு நெனச்சிருந்தேன். காசு இருந்திருக்கு. சம்பாதிச்சவளுக்கு மட்டும்தான் இல்ல.

இப்பவும் யாரு வீட்டுக்குப் போனாலும், பிரிக்காத பெட்டி கண்ணுல பட்டுச்சுன்னா, அதுக்குப் பக்கத்துல வேர்த்து ஊத்திக்கிட்டு யாரு படுத்திருக்காங்கன்னுதான் நான் தேடுறேன்.