சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர்

நைனா கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கிய சிங்கவரத்து நிலங்களுக்கு நடுவில் ஐம்பது சென்ட் விலைக்கு வந்தது. பத்திரத்தை நானே எழுதுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தை வைத்துக்கொண்டு மூலைக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். விற்பவரின் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றில் சீயமங்கலத்தில் கட்டிக்கொடுத்த அக்காவின் பெயரும் இருந்தது. அவரையும் விற்பவராகச் சேர்த்து எழுதினேன்.

"அது வந்துடும். நான் இட்டாறேன்" என்றார் விற்பவர்.

ஒப்பந்தக் கெடு அந்த வாரத்தோடு முடிவதாக இருந்தது. அதற்குள் பதியாவிட்டால் வாங்குவதற்கு வேறு ஆள் காத்திருந்தார்.

செஞ்சி பதிவு அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். நைனா கட்டைவிரலில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் துடைப்பதுமாக இருந்தார். ரேஷன் கடை மெஷின் அவர் ரேகையை எடுப்பதே இல்லை. இங்கேயும் எடுக்காமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

விற்பவர் அக்காவோடு வந்து சேர்ந்தார். அக்கா கையில் துணிக்கடைப் பை. உள்ளே தம்பி எடுத்துக்கொடுத்த புடவை, ரவிக்கைத் துணி, கொஞ்சம் பூ. நிலத்துக்குக் கையெழுத்துப் போட வரும் கூடப்பிறந்தவளுக்கு இப்படி எடுத்துக்கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கிக்கொண்டவர் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "யாரு எழுதுனது?"

"எம் பொண்ணுதான்" என்றார் நைனா.

"அடேயப்பா! எங்கூட்லயும் ரெண்டு இருக்குது, போன் நோண்டத்தான் தெரியும். எங்க, படி கண்ணு, கேப்போம். நான் எங்க சாட்சி போடணும்?"

சாட்சியா? நான் விற்பவரைப் பார்த்தேன். அவர் குனிந்து, "அப்டிதான் சொல்லி இட்டாந்தேன். கம்முனு இரு பாப்பா" என்று முணுமுணுத்துவிட்டு, "எல்லாம் கோர்ட்டுத் தமிழுக்கா. கேட்டா தூக்கம்தான் வரும்" என்றார் சத்தமாக.

"தூங்குனா எழுப்பு. பஸ்ல நின்னுக்கினே வந்தவ நான்."

விரலால் ஓரிடத்தைக் காட்டியிருந்தால் போதும், அக்கா கையெழுத்துப் போட்டிருப்பார். நிலம் அன்றைக்கே நைனாவுடையது ஆகியிருக்கும். ஆனால் நான் எழுதிய வரியை நானே தாண்டிப் போக முடியவில்லை. படித்தேன்.

"எங்கள் தகப்பனார் வழியில் எங்கள் இருவருக்கும் சமபாகமாகப் பாத்தியப்பட்டு..."

"சமபாகம்னா?"

"பாதி உங்களுது அத்த."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியிடம் கேட்டார்: "எப்பலருந்துடா?"

தம்பி நைனாவிடம் பாய்ந்தார். "ஊரே பத்திர எழுத்தர்கிட்ட போவுது. நீ பொண்ண வச்சு எழுதுனல்ல, இப்ப அனுபவி."

நைனா மறுபடி கட்டைவிரலில் எண்ணெய் தடவினார்.

அக்கா எழுந்து, புடவைப் பையை என் மடியில், பத்திரத்தின் மேலேயே வைத்தார். "இத வச்சிரு கண்ணு. இவனாண்ட கொஞ்சம் பேசணும்."

இருவரும் வெளியே போனார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பை மடியில் இருக்க, எழுந்து அவர்களைக் கூப்பிடவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. ஜன்னல் வழியே அக்காவின் கை மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு எங்களுக்கு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நைனா எண்ணெய் பாட்டிலை மூடி என்னிடம் நீட்டினார்.

"பையில போட்டு வையிம்மா. இன்னொரு நாளைக்கு ஆவும்."